640 டிவைஸ், 5 நிமிட போலிங் 410 வினாடி ஓடுகிறது. த்ரெட் கூட்டியும் பலனில்லை

கேபிள்வாசி (கேள்வி)

வணக்கம். லிப்ரேஎன்எம்எஸ் (நெட்வொர்க் கண்காணிப்புக் கருவி) ஓடும் ஒரு மெய்நிகர் சர்வர்: 8 கோர், 16 ஜிபி ராம், பின்னால் 7200 ஆர்பிஎம் சுழலும் டிஸ்க். கண்காணிப்பில் 640 டிவைஸ் இருக்கின்றன. பெரும்பாலும் 24, 48 போர்ட் ஆக்சஸ் சுவிட்ச்கள், 6 பெரிய ஸ்டாக் (ஒரே சுவிட்ச் போல இணைத்த பல சுவிட்ச்கள்), கொஞ்சம் ரவுட்டர், 60 லினக்ஸ் சர்வர். மொத்தம் 25,600 போர்ட் சொச்சம். க்ரானில் (நேரம் குறித்து வேலை ஓட்டும் லினக்ஸ் வசதி) 5 நிமிடத்துக்கு ஒருமுறை போலர் (ஒவ்வொரு டிவைஸையும் கேட்டு அளவீடு வாங்கும் நிரல்) கிளம்புகிறது.

நிலவரம் இது:

16 த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் போலர் வேலைகள்) ஒரு சுற்று முடியப் பத்து நிமிடம் ஆனது. 64 ஆக்கினேன். இப்போது 410 வினாடி. ஆனால் லோட் ஆவரேஜ் 50ஐத் தொடுகிறது, வெப் பக்கம் திறக்கவே அரை நிமிடம். இத்தனைக்கும் சிபியு 30 சதவீதத்தைத் தாண்டவில்லை.

கிராஃப்களில் ஆங்காங்கே வெற்றிடம். அதில் ஒரு விசித்திரம்: தொலைதூரத் தளங்களில் உள்ள சுமார் 80 சுவிட்ச்களில் 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க் கிராஃப் துண்டு துண்டாக வருகிறது, 114 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறுவதே இல்லை. அதைவிட அதிகம் ஓடுகிறது என்பது எதிர்முனை ரவுட்டரில் தெரிகிறது.

இரவு 2 மணியிலிருந்து 3 மணிக்குள் ஏழெட்டு லினக்ஸ் சர்வர் ‘டவுன்’ என்று அலர்ட். அதே நேரத்தில் எஸ்எஸ்ஹெச் போட்டால் தாராளமாக உள்ளே போக முடிகிறது.

போன வாரம் இரண்டு சுவிட்ச் ரீபூட் ஆனதாக அலர்ட் வந்தது. மின்சாரமும் போகவில்லை, யாரும் கை வைக்கவும் இல்லை.

கோர் கூட்ட வேண்டுமா, இரண்டாவது போலர் போட வேண்டுமா?

---

வேர்ப்பயனர்

ரெண்டும் இப்போ வேண்டாங்க. சிபியு 30, லோட் 50ன்னா ப்ராசஸ் எல்லாம் டிஸ்குக்காக வரிசையில நிக்குதுன்னு அர்த்தம். லினக்ஸ்ல லோட் ஆவரேஜ் சிபியுவுக்குக் காத்திருக்கிறதை மட்டும் எண்ணாது, டிஸ்க் ஐஓவுல மாட்டிக்கிட்டு எழுப்ப முடியாம தூங்குற ப்ராசஸையும் சேர்த்தே எண்ணும். விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட்டி ‘டபிள்யூஏ’ நெடுவரிசையையும் ‘பி’ நெடுவரிசையையும் பாருங்க. கோர் சேர்த்தா அந்த வரிசை ஒரு அடி கூட நகராது.

எத்தனை த்ரெட் வேணும்னு ஊகிக்காதீங்க, கணக்குப் போடுங்க. ஒவ்வொரு டிவைஸும் கடைசி போலிங்ல எடுத்த வினாடியை எல்லாம் கூட்டி 300ஆல வகுங்க. வர்ற எண்தான் குறைந்தபட்ச த்ரெட். அதுக்கு மேல மூணுல ஒரு பங்கு கூடுதலா வைங்க. அந்த எண் 30, 40ன்னு வந்தா த்ரெட் போதலைன்னு முடிவு கட்டிடாதீங்க. எந்த டிவைஸ் வினாடியைத் தின்னுதுன்னு தேடுங்க. போலர் பக்கத்துல நேரவாரியா இறங்குவரிசையில அடுக்கினா முதல் ரெண்டு பக்கத்துலயே கதை முடிஞ்சிடும். பெரும்பாலும் பத்து, பதினைஞ்சு சதவீதம் டிவைஸ்தான் முக்கால்வாசி நேரத்தை விழுங்கும்.

இன்னொண்ணு. ஒரே ஒரு டிவைஸ் 280 வினாடி எடுத்தா உங்க சுற்று 280க்குக் கீழ இறங்கவே இறங்காது, த்ரெட் ஆயிரம் போட்டாலும். ஒரு டிவைஸை ஒரு த்ரெட்தான் தலையிலிருந்து கால் வரை பார்க்குது.

கடைசியா, த்ரெட்டை 16க்கே இறக்கிட்டு அளங்க. 64ல அளந்தா டிஸ்க் நெரிசலும் அந்த வினாடிக்குள்ள கலந்துடும், யார் மேல பழின்னு தெரியாது.

---

ஓஐடி_ஒன்று

114 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. 32 பிட் கவுண்டர் (போர்ட்டில் ஓடிய பைட்டை எண்ணும் எண்ணி) அதிகபட்சம் 4,29,49,67,295 பைட் வரை எண்ணும், பிறகு பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அதை 8ஆல் பெருக்கி 300 வினாடியால் வகுத்தால் 114.5 எம்பிபிஎஸ். 5 நிமிட இடைவெளியில் 32 பிட் கவுண்டரால் காட்ட முடிந்த உச்சம் அவ்வளவுதான். 1 ஜிபிபிஎஸ் முழு ஓட்டத்தில் அந்தக் கவுண்டர் 34 வினாடிக்கு ஒருமுறை சுற்றிவிடும். இரண்டு போலிங்குக்கு நடுவே எத்தனை முறை சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. கழித்து வரும் விடை நேர்மமாக இருந்தால் ஏதோ ஒரு பொய் எண் வரையப்படும், எதிர்மமாக இருந்தால் அந்த இடம் வெற்றிடம். உங்கள் ‘துண்டு துண்டு’ அதுதான்.

64 பிட் கவுண்டர் (ஐஎஃப்-ஹெச்சி-இன்-ஆக்டெட்ஸ் குடும்பம்) எஸ்என்எம்பி (டிவைஸிடம் கேட்டு அளவீடு வாங்கும் நெறிமுறை) வி1ல் கிடைக்கவே கிடைக்காது. அந்தத் தரவு வகையே வி2வில்தான் வந்தது. ஆகவே அந்த 80 சுவிட்ச்களும் வி1 என்று பதிவாகியிருக்க வேண்டும். சேர்க்கும்போது வி2சி (வி2வின் நடைமுறை வடிவம்) முயற்சி டைம்அவுட் ஆகியிருந்தால் கருவி அடுத்த வெர்ஷனுக்கு இறங்கி, வி1ல் பதில் கிடைத்ததும் அப்படியே பதிந்துகொள்ளும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மந்தத்துக்கும் இதே காரணம்தான். வி1ல் கெட்பல்க் (ஒரே கேள்வியில் பல மதிப்பு வாங்குவது) கிடையாது, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கெட்நெக்ஸ்ட் (அடுத்த ஒன்றைக் கேட்பது) போக வேண்டும். 54 இன்டர்ஃபேஸ், 40 நெடுவரிசை என்று வைத்தால் 2,160 கேள்வி. தளத்துக்குப் போய்வர 35 மில்லிசெகண்ட் என்றால் பயணத்திலேயே 75 வினாடி கரைகிறது. சுவிட்ச் யோசிக்கும் நேரம் இதற்கு மேல். அதையே கெட்பல்க்கில் ஒரு கேள்விக்கு 20 வரிசை கேட்டால் நெடுவரிசைக்கு 3 பாக்கெட், மொத்தம் 120 கேள்வி, 4.2 வினாடி.

செய்ய வேண்டியது: ஒரு சுவிட்சை எடுத்து, போலர் சர்வரிலிருந்தே எஸ்என்எம்பிபல்க்வாக்கை (கெட்பல்க்கில் அட்டவணையை முழுதாக நடந்து வாசிக்கும் கட்டளை) வி2சியில் ஓட்டி நேரம் அளந்து பாருங்கள். பதில் வந்தால் டிவைஸின் எஸ்என்எம்பி தாவலில் வெர்ஷனை வி2சி ஆக்குங்கள். பதில் வராவிட்டால் சுவிட்சில் அந்த கம்யூனிட்டி (கடவுச்சொல் போன்ற பெயர்) வி1க்கு மட்டும் கட்டப்பட்டிருக்கலாம், அதை அங்கே திருத்த வேண்டும். மாற்றிய உடன் முதல் போலிங்கில் கிராஃபில் ஒரு கூரிய கம்பம் எழக்கூடும். பழைய 32 பிட் எண்ணும் புதிய 64 பிட் எண்ணும் ஒப்பிடப்படுவதால் வருவது. பயப்பட வேண்டாம், லிப்ரேஎன்எம்எஸ்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ரிமூவ்ஸ்பைக்ஸ் அதை வெட்டிவிடும்.

மேக்ஸ் ரிப்பீட்டர்ஸ் (ஒரு கெட்பல்க் கேள்விக்கு எத்தனை வரிசை) என்ற பெட்டியில் முதலில் 20 போடுங்கள். 100 போட்டால் ஐந்து மடங்கு வேகம் என்று நினைக்க வேண்டாம். 64 பிட் எண்கள் ஒவ்வொன்றும் தன் ஓஐடியோடு (மதிப்பின் முகவரி எண்) சேர்ந்து 25 பைட் அளவில்தான் வரும், 50 வரிசை ஒரே ஈதர்நெட் பாக்கெட்டில் அடங்கிவிடும். ஆனால் போர்ட் விளக்கம் மாதிரி நீளமான எழுத்துத்தொடர் நெடுவரிசைகளில் அதே 50 வரிசை 3,000 பைட்டைத் தாண்டும், யுடிபி துண்டாகும். வழியில் உள்ள ஃபயர்வாலோ டனலோ துண்டுகளைத் தூக்கி எறிந்தால் பதில் மொத்தமாகக் காணாமல் போகும். அடையாளம் எளிது: பிங் போகிறது, தனி கெட் போகிறது, வாக் மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் தொங்குகிறது.

ரீபூட் அலர்ட்: சிஸ்அப்டைம் (எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற எண்) நூறில் ஒரு வினாடியை 32 பிட்டில் எண்ணுகிறது. 497 நாள் 2 மணி 28 நிமிடத்தில் பூஜ்ஜியமாகிவிடும், கருவி அதை ரீபூட் என்று நினைத்துவிடும். அந்த இரண்டு சுவிட்சும் ஒரே நாளில் மாட்டியவையா என்று பாருங்கள். எஸ்என்எம்பி-எஞ்ஜின்-டைம் தரும் சுவிட்ச் என்றால் அதையும் சேர்த்துப் பார்த்து அலர்ட் விதி எழுதலாம், அது முழு வினாடியில் எண்ணுவதால் 68 வருடம் தாங்கும்.

---

கேபிள்வாசி

அசந்துவிட்டேன். 80ம் வி1தான். 16 த்ரெட்டில் திரும்ப அளந்தேன்:

80 வி1 சுவிட்ச்: சராசரி 85 வினாடி, மொத்தம் 6,800.
6 ஸ்டாக்: சராசரி 115 வினாடி, மொத்தம் 690.
மீதி 554: சராசரி 4 வினாடி, மொத்தம் 2,216.

கூட்டினால் 9,706. 300ஆல் வகுத்தால் 32க்கு மேல். 16 த்ரெட்டில் 607 வினாடி என்று வருகிறது, முன்பு பார்த்த பத்து நிமிடத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

பரிசோதனையாகப் பத்து சுவிட்சை வி2சி, 20 ரிப்பீட்டர்ஸுக்கு மாற்றினேன். 85லிருந்து 6 வினாடிக்கு இறங்கிவிட்டன. இரண்டு ரீபூட் சுவிட்சும் ஒரே நாள் நிறுவியவைதான். ஸ்டாக்கையும் டிஸ்கையும் என்ன செய்வது?

---

நள்ளிரவு_க்ரான்

ஸ்டாக்கில் ரிப்பீட்டர்ஸை நோண்டுவதற்கு முன் டிவைஸ் கிராஃப்களில் ‘போலர் மாட்யூல்’ கிராஃபைத் திறங்கள். எந்த மாட்யூல் எத்தனை வினாடி என்று அடுக்கடுக்காகக் காட்டும். ஸ்டாக்கில் வழக்கமான குற்றவாளிகள் இருவர்.

ஒன்று சென்ஸார்ஸ். ஒவ்வொரு எஸ்எஃப்பியின் (போர்ட்டில் செருகும் ஒளியிழை மாட்யூல்) வெப்பம், மின்னழுத்தம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி என்று நூற்றுக்கணக்கில் சேரும். இவை வாக்கில் வராது, ஓஐடி பட்டியலாக ஒரு கேள்விக்கு இத்தனை என்று கெட்டில் போகும். மேக்ஸ் ஓஐடிஸ் இயல்பு மதிப்பு 10. அந்த டிவைஸுக்கு மட்டும் 30 ஆக்கிப் பாருங்கள், 600 சென்ஸார் என்றால் 60 கேள்வி 20 ஆகும். ‘டூ பிக்’ என்று பிழை வந்தால் இறக்குங்கள். ஒளி அளவு யாருமே பார்க்காத போர்ட்களின் சென்ஸாரை ஒழிப்பது இதைவிட நல்லது.

இரண்டு போர்ட்ஸ். ஸ்டாக்கில் 400 போர்ட், உயிரோடு இருப்பது 60 என்றால் ‘செலக்டட் போர்ட் போலிங்’கை அந்த டிவைஸில் இயக்குங்கள். முழு அட்டவணையையும் நடக்காமல் தேவையான போர்ட்டை மட்டும் கேட்கும். பெரும்பாலான போர்ட் உயிரோடு இருந்தால் இது எதிர்மாறாக வேலை செய்யும், தனித்தனியாகக் கேட்பது வாக்கைவிட மெதுவாகிவிடும். ஆகவே எல்லா டிவைஸுக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள்.

சுவிட்சில் எஸ்என்எம்பி ஏஜென்ட் (கேள்விக்குப் பதில் தரும் நிரல்) ஓடுவது கன்ட்ரோல் பிளேன் சிபியுவில். பாக்கெட்டை ஜிகாபிட் கணக்கில் தள்ளும் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சின்ன சிபியுவுக்கு ஸ்பானிங்-ட்ரீயும் ரவுட்டிங்கும்தான் முதல் வேலை, உங்கள் கேள்வி கடைசி. கன்ட்ரோல் பிளேன் போலீசிங் இருந்தால் வினாடிக்கு இத்தனை பாக்கெட்டுக்கு மேல் சத்தமில்லாமல் கீழே போடும். ஒரே ஸ்டாக்கை இரண்டு கண்காணிப்புக் கருவிகள் ஒரே நேரத்தில் கேட்பது நான் அடிக்கடி சந்தேகப்படும் இடம். பழைய கருவியை யாராவது அணைக்காமல் விட்டிருக்கிறார்களா பாருங்கள். டிசிபிடம்ப்பை (பாக்கெட் பிடிக்கும் கருவி) சுவிட்ச் பக்க மிரர் போர்ட்டில் வைத்தால் 161க்கு (எஸ்என்எம்பி கேள்வி வரும் எண்) யார் யார் வருகிறார்கள் என்று தெரியும்.

இப்போது டிஸ்க். போர்ட்டுக்கு ஒரு ஆர்ஆர்டி கோப்பு (கிராஃபுக்கான அளவீடு சேரும் இடம்). 25,600 கோப்பை 300 வினாடிக்கு ஒருமுறை தொட்டால் வினாடிக்கு 85 அப்டேட். ஒவ்வொரு அப்டேட்டும் கோப்பின் தலைப்பையும் உள்ளே வேறு சில இடங்களையும் தொடும், அதாவது சிதறிய சின்னச் சின்ன எழுத்துகள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் அப்படிப்பட்ட வேலையை வினாடிக்கு 100 வாக்கில்தான் செய்யும். அதே டிஸ்கில் டேட்டாபேஸும் இருக்கிறது. த்ரெட்டை 64 ஆக்கியது இந்த ஒற்றையடிப் பாதையில் நான்கு மடங்கு ஆளை அனுப்பியதுதான்.

ஆர்ஆர்டிகேஷ்ட் (இந்த எழுத்துகளைச் சேர்த்து வைத்து எழுதும் டீமன், அதாவது பின்னணி நிரல்) போடுங்கள். ரைட் டைம்அவுட் 1800, ஜிட்டர் 1800, ரைட் த்ரெட் 4, ஜர்னல் டைரக்டரி கட்டாயம். அப்டேட்டுகள் நினைவகத்தில் சேர்ந்து, ஒரு கோப்புக்கு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஒருமுறை மொத்தமாக எழுதப்படும். 85 என்பது 15க்கும் கீழே போகும். ஜிட்டரை விட்டுவிட்டால் எல்லாக் கோப்பும் ஒரே நொடியில் எழுதக் கிளம்பி அரை மணிக்கு ஒருமுறை சர்வர் மூச்சுத் திணறும். ஜர்னல் இல்லாமல் சர்வர் திடீரென்று விழுந்தால் அதுவரை சேர்ந்த அளவீடு போச்சு. சாக்கெட் உரிமை தவறினால் கிராஃப் எல்லாம் வெறுமையாக வரும், முதல் நாள் குழப்பம் பெரும்பாலும் அதுதான்: டீமன் லிப்ரேஎன்எம்எஸ் பயனராகவே ஓட வேண்டும்.

டேட்டாபேஸ் பக்கம் இரண்டே விஷயம். பஃபர் பூலை (டேட்டாபேஸ் தரவை நினைவகத்தில் வைக்கும் இடம்) 4 ஜிபி ஆக்குங்கள். லாக் ஃபிளஷ் மதிப்பை (பரிவர்த்தனைப் பதிவு எப்போது டிஸ்குக்குப் போகும் என்பது) 2 ஆக்குங்கள். இயங்குதளமே விழுந்தால் கடைசி ஒரு வினாடி பரிவர்த்தனை போகலாம், கண்காணிப்புத் தரவுக்கு அது நஷ்டமே இல்லை. எஸ்எஸ்டி வாங்க முடிந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிட்டு வாங்குங்கள், ஆனால் ஆர்ஆர்டிகேஷ்ட்டை மட்டும் விடாதீர்கள்.

---

வேர்ப்பயனர்

சர்வர் ‘டவுன்’ விஷயம் யாரும் தொடலையே.

முதல்ல அலர்ட்ல காரணம் ஐசிஎம்பியா (அதாவது பிங்) எஸ்என்எம்பியான்னு பாருங்க. எஸ்எஸ்ஹெச் போகுது, பிங்கும் போகுதுன்னா அது எஸ்என்எம்பிதான். நெட்-எஸ்என்எம்பி டீமன் ஒரே த்ரெட்ல ஓடுற ஆள். ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டா மத்த எல்லாக் கேள்வியும் வெளிய நிக்கும். ராத்திரி 2 மணிக்கு பேக்கப்புக்காக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா வர்ற டிஸ்க்) மவுண்ட் ஆகுதா? அந்தப் பக்க ஸ்டோரேஜ் திணறினா, டிஸ்க் அளவைக் கேட்கப் போன டீமன் அங்கயே உறைஞ்சு போயிடும். கான்ஃபிக்ல ‘ஸ்கிப்என்எஃப்எஸ்இன்ஹோஸ்ட்ரிசோர்சஸ்’ 1ன்னு ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்எஃப்எஸ் அளவை அந்த ஸ்டோரேஜ்கிட்டயே நேரா கேட்டுக்கலாம்.

எக்ஸ்டெண்ட் ஸ்கிரிப்ட் (கேள்வி வரும்போது டீமன் ஓட்டுற நம்ம ஸ்கிரிப்ட்) வச்சிருந்தா அதுவும் இதே வியாதி. ரெய்டு நிலவரம், அப்டேட் எண்ணிக்கைன்னு பத்து வினாடி ஓடுற ஸ்கிரிப்டை எக்ஸ்டெண்ட்ல நேரா கட்டாதீங்க. க்ரான்ல ஓட்டி முடிவை ஒரு கோப்புல போடுங்க, எக்ஸ்டெண்ட் அந்தக் கோப்பை வாசிச்சா போதும். கோப்பு எப்போ எழுதினதுன்னு முதல் வரியில நேரமும் இருக்கட்டும். இல்லேன்னா க்ரான் செத்துப் போனாலும் பழைய ‘எல்லாம் நலம்’ வந்துக்கிட்டே இருக்கும்.

எஃப்பிங் (டிவைஸை பிங் பண்ணிப் பார்க்குற கருவி) அமைப்பையும் ஒரு பார்வை. இயல்பு 3 பாக்கெட், இடைவெளி 500, டைம்அவுட் 500 மில்லிசெகண்ட். தாமதம் அதிகமான லிங்க்குன்னு சிலர் டைம்அவுட்டை மட்டும் 3000 ஆக்குவாங்க. இடைவெளியும் அதோட சேர்ந்து 3 வினாடி ஆயிடும், ஒரு டிவைஸுக்கு பிங்குக்கே 6 வினாடிக்கு மேல போகும். 640ஐ அதால பெருக்கிப் பாருங்க.

---

கேபிள்வாசி

என்எஃப்எஸ்தான். பேக்கப் மவுண்ட் 2 மணிக்கு. வரியைச் சேர்த்த பிறகு நேற்று இரவு ஒரு அலர்ட்டும் இல்லை.

இப்போதைய எண்கள்: 80 சுவிட்ச் 480 வினாடி, ஸ்டாக் ஒன்றுக்கு 25 வீதம் 150, மீதி 2,216. மொத்தம் 2,846. 16 த்ரெட்டில் சுற்று 180 வினாடிக்குள் முடிகிறது, லோட் 4.

இவ்வளவு இடம் கிடைத்த பிறகு 1 நிமிட போலிங்குக்குப் போகலாமா? அல்லது டைம்அவுட், ரீட்ரையைக் குறைத்து இன்னும் இறுக்கலாமா?

---

ஓஐடி_ஒன்று

1 நிமிடம் என்றால் உங்கள் 2,846ஐ 60ஆல் வகுக்க வேண்டும். 47க்கு மேல் த்ரெட். ஆர்ஆர்டி கோப்புகளின் ஸ்டெப்பும் (அளவீட்டு இடைவெளி) ஹார்ட்பீட்டும் (அளவீடு வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது) 300, 600 என்று கட்டப்பட்டவை, அத்தனையையும் மாற்ற வேண்டும். சுவிட்ச் சிபியுவுக்கும் ஐந்து மடங்கு தொல்லை. எதற்காக என்பதே கேள்வி. லிங்க் விழுந்ததை உடனே அறிய வேண்டுமென்றால் 162க்கு ட்ராப் (டிவைஸ் தானாக அனுப்பும் அறிவிப்பு) அனுப்பச் சொல்லுங்கள், அப்லிங்க்கில் மட்டும். நுண்ணிய ட்ராஃபிக் வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து கோர் லிங்க்குக்குத் தனியாக ஒரு போலர் போதும். அங்கேயும் 30 வினாடிக்குக் கீழே போக வேண்டாம். பல ஏஜென்ட்கள் கவுண்டரைச் சில வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கின்றன, அதனால் கிராஃப் ரம்பப்பல்லாக வரும்.

ரீட்ரை: நெட்-எஸ்என்எம்பியின் இயல்பு 1 வினாடி டைம்அவுட், 5 ரீட்ரை. பதில் தராத டிவைஸில் ஒரு கேள்விக்கு 6 வினாடி வீண். அதை 2 வினாடி, 2 ரீட்ரை ஆக்கினாலும் அதே 6 வினாடிதான், ஆனால் மறுகேள்விகள் குறையும்; தவறில்லை. ரீட்ரை பூஜ்ஜியம் வைக்காதீர்கள், யுடிபியில் ஒரு பாக்கெட் தொலைவது சாதாரணம்.

---

நள்ளிரவு_க்ரான்

2 வினாடியையும் எல்லோருக்கும் பொதுவாக வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். தாமதிக்கும் ஏஜென்ட்டுக்கு அவசரமாக மறுபடி கேள்வி அனுப்பினால் அது இரண்டு முறை வேலை செய்யும், இன்னும் தாமதிக்கும். ஸ்டாக்குகளுக்கு 5 வினாடி, 1 ரீட்ரை. மற்றவற்றுக்கு 2, 2. டிவைஸ் வாரியாக அமைக்கும் வசதி அதற்குத்தான்.

வி3க்கு (பயனர் அடையாளமும் குறியாக்கமும் உள்ள எஸ்என்எம்பி) போகும் எண்ணம் இருந்தால் இப்போதே ஒன்று கவனியுங்கள். ஒரு சுவிட்சின் கான்ஃபிக்கை நகலெடுத்து மற்றவற்றில் ஏற்றியிருந்தால் எஞ்ஜின் ஐடியும் (டிவைஸின் எஸ்என்எம்பி தனி அடையாளம்) சேர்ந்தே நகலாகியிருக்கலாம். வி2சியில் அது தெரியாது. வி3யில் இரண்டு டிவைஸுக்கு ஒரே ஐடி என்றால் போலர் ஒன்றின் நேரக்கணக்கை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளும், இரண்டும் மாறி மாறி டைம்அவுட் ஆகும். மாற்றுவதற்கு முன் 640ஐயும் கேட்டு, ஐடிகளை வரிசைப்படுத்தி, இரட்டை இருக்கிறதா பாருங்கள்.

பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 33வது நிமிடத்தில் சுற்று நேரம் கொஞ்சம் எழும். அது டிஸ்கவரி (டிவைஸில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் வேலை) க்ரான், வேறொன்றுமில்லை. ஏஆர்பி, மேக் அட்டவணைகளை (ஐபி, மேக் முகவரிப் பட்டியல்கள்) அதுதான் நடக்கிறது. அந்த உயரமும் 300க்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் பெரிய ரவுட்டர்களில் ஏஆர்பி மாட்யூலை அணைத்துவிடலாம்.